ஸ்பானிஷ்ல நேத்து நடந்தத சொல்றப்ப எங்க பிழைக்குது? அறிகுறிய வச்சு கண்டுபுடிச்சு சரி பண்ற வழி

இலங்கை மலையகத்துல ஹட்டன், நானுஓயா, எல்ல பக்கம் கைட் வேலை பாக்கிற, ஹோம்ஸ்டே நடத்துற, வேன் ஓட்டுற நம்ம புள்ளைங்களுக்கு ஸ்பானிஷ் சொல்லிக் குடுக்கிறப்ப மத்ததெல்லாம் ஓரளவு ஓடிடும், கடந்தகாலம் வந்தா மட்டும் திரும்பத் திரும்ப அதே நாலஞ்சு எடத்துல தான் பிழைக்கும். அத அப்படியே விட்டுட முடியாது, ஏன்னா நாம டூரிஸ்ட்டுக்கு சொல்ற கதைல முக்காவாசி நடந்து முடிஞ்ச கதை. தேயிலை எப்ப வந்துச்சு, ரயில் எப்ப வந்துச்சு, நம்ம ஆளுங்க எப்படி வந்தாங்க, எல்லாமே. அதுல பிழை வந்தா நம்ம கதையே பிழையா போய்ச் சேருது.

இங்க இலக்கணப் பாடம் எடுக்கல. உங்க அறிகுறி எதுன்னு பாருங்க, அதுக்குக் கீழ லேசான காரணத்துல இருந்து ஆரம்பிச்சு பாத்துக்கிட்டே வாங்க.

ஒரு விஷயம் மட்டும் முன்னாடியே சொல்லிர்றேன். ஸ்பானிஷ் வினைச்சொல்ல நான் இங்க தமிழ்ல எழுதுறப்ப, எந்த அசைய அழுத்திச் சொல்லணுமோ அத நெடில்லயும் மத்தத குறில்லயும் எழுதியிருக்கேன். 'யேகொ'ன்னா முன்னாடி அழுத்தம், 'யெகோ'ன்னா கடைசில அழுத்தம். நம்ம எழுத்துல எ ஏ, ஒ ஓ தனித்தனியா இருக்கிறது இதுக்கு ரொம்ப வசதி, உங்க கொப்பிலயும் இப்படியே எழுதிக்கங்க.

கைல வச்சிருக்க வேண்டிய ரெண்டு வரிசை

'ஆர்'ல முடியிற சொல்லு, உதாரணத்துக்கு அப்லார் (பேசுறது):
அப்லே (நான்), அப்லாஸ்தெ (நீ), அப்லோ (அவர், அவ, நீங்க), அப்லாமொஸ் (நாங்க), அப்லாஸ்தெய்ஸ் (ஸ்பெயின்ல நீங்கெல்லாம்), அப்லாரொன் (அவங்க, மத்த நாட்டுல நீங்கெல்லாம்).

'ஏர்'லயும் 'ஈர்'லயும் முடியிறதுக்கு ஒரே வரிசை தான், கொமேர் (சாப்பிடுறது):
கொமீ, கொமீஸ்தெ, கொமியோ, கொமீமொஸ், கொமீஸ்தெய்ஸ், கொமியேரொன்.
சுபீர் (ஏறுறது): சுபீ, சுபீஸ்தெ, சுபியோ, சுபீமொஸ், சுபீஸ்தெய்ஸ், சுபியேரொன்.

நிகழ்காலத்துல மூணு வரிசை, இதுல ரெண்டு தான். அதனால கடந்தகாலம் கஷ்டம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அறிகுறி 1: முடிஞ்சத சொல்றீங்க, கேக்குறவங்க இப்ப நடக்கிறதா எடுத்துக்கிறாங்க, இல்லாட்டி "யாரு?"ன்னு கேக்குறாங்க

அதிகமா வர்றது இது தான், அதனால இங்க கொஞ்சம் நின்னு பாருங்க.

முதல் காரணம்: அழுத்தம் எடம் மாறிருச்சு.

தமிழ்ல ஒரு அசைய அழுத்திச் சொல்றதால அர்த்தம் மாறாது, அதனால நம்ம வாய் எல்லா அசையையும் ஒரே மட்டத்துல சொல்லிட்டுப் போயிரும். ஸ்பானிஷ்ல அப்படிப் போனா அர்த்தமே வேற. இந்த ஜோடிகள வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க:

யேகொ, நான் வந்து சேர்றேன். யெகோ, அவர் வந்து சேந்தார்.
பாகொ, நான் காசு கட்டுறேன். பகோ, அவர் கட்டினார்.
எஸ்பேரொ, நான் காத்திருக்கேன். எஸ்பெரோ, அவர் காத்திருந்தார்.
தோமொ, நான் எடுக்கிறேன், குடிக்கிறேன். தொமோ, அவர் குடிச்சார்.

பதுளைக்கு ரயில் வந்தது 1924ல. அத "எல் த்ரென் யெகோ அ பதுளை என் 1924"ன்னு சொல்லணும். இதுல யெகோவ யேகொன்னு சொன்னீங்கன்னா ரயிலும் 'நான் வர்றேன்'னும் ஒண்ணா வந்து நிக்கும், கேக்குறவங்க பாவம், மரியாதைக்குத் தலைய ஆட்டிட்டு விட்டுருவாங்க. தலைய ஆட்டுறாங்கன்னா விளங்கிருச்சுன்னு நெனைக்காதீங்க.

செக் பண்றது இப்படி. போன்ல இந்த ஜோடிகள ரெக்கோர்ட் பண்ணி, ஒரு மணித்தியாலம் கழிச்சு, எத முதல்ல சொன்னோம்ங்கிறத மறந்த பெறகு கேளுங்க. எது எதுன்னு உங்களுக்கே பிரிச்சுச் சொல்ல முடியலன்னா பிழை இங்க தான். கடைசி அசைய நல்லா தூக்கிச் சொல்லிப் பழகுங்க. ஆரம்பத்துல நெடிலா கொஞ்சம் இழுத்தாலும் பரவால்ல, சரியான எடத்துல இழுக்கிறீங்கள்ல, அது போதும். பழகினதும் இழுவையக் கொறச்சு அழுத்தத்த மட்டும் வச்சுக்கலாம்.

ரெண்டாவது காரணம்: அழுத்தம் சரி, கடைசி ஏயும் ஓவும் மாறிப் போகுது.

யெகே நான், யெகோ அவர். தமிழ்ல வந்தேன், வந்தார்னு வினைமுடிவு ஆள காட்டுதே, அதே வேலைய இந்த ஒரு எழுத்து தான் செய்யுது. நாம நான்னு சொல்லாம 'வந்தேன்'னு மட்டும் சொல்ற மாதிரி அவங்களும் 'யோ'வ விட்டுட்டு யெகேன்னு மட்டும் சொல்லுவாங்க. இங்கிலீஷ் வழியா ஸ்பானிஷ் படிச்சவங்களுக்கு இது வித்தியாசமா இருக்கும், ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னாடி யோ யோன்னு போட்டுட்டு முடிவ சாப்பிட்டுருவாங்க. தமிழ்ல இருந்து நேரா வாங்க, முடிவுல கவனம் தானா வரும்.

மூணாவது: 'கொமியோ', 'சுபியோ'வ மூணு துண்டா ஒடைக்கிறது.

கொ, மீ, ஒன்னு நடுவுல அழுத்திச் சொல்ற பழக்கம் நெறைய பேருக்கு இருக்கு. மியோ ஒரே அசை, அழுத்தம் ஓ மேல. சுபியோ, பெபியோ, சலியோ எல்லாம் அப்படித்தான்.

இந்த மூணையும் சரி பண்ணி ஒரு ரெண்டு மாசம் பேசியும் ஆளுங்க இன்னும் "கோமோ?" (என்ன சொன்னீங்க?)ன்னு திருப்பிக் கேட்டா அப்ப தான் உச்சரிப்புக்குன்னு ஒரு டீச்சரப் புடிங்க. அதுக்கு முந்தி வேணாம், காசு வீண்.

அறிகுறி 2: பேசுறப்ப சரி, வாட்ஸ்அப்ல எழுதினா குழப்பம்

எல்ல பக்கம் ஒரு கைட் தம்பி, ஸ்பெயின்ல இருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு டிக்கெட் காசு தானே கட்டிட்டேன்னு மெசேஜ் போட்டான். 'பகே லாஸ் எந்த்ராதாஸ்'னு தான் மனசுல வச்சு எழுதினான், ஆனா கடைசில வர்ற இங்கிலீஷ் ஈ (e) எழுத்து மேல சாய்ஞ்ச கோட்டப் போடல. கோடு இல்லாம அது 'பாகெ', அதாவது 'நீங்க டிக்கெட்டுக்கு காசு கட்டுங்க'. அவங்க ஏற்கனவே பேக்கேஜுக்கு முழுக் காசும் குடுத்தவங்க. பெறகு என்ன, ராத்திரி முழுக்க மாறி மாறி மெசேஜ். ஒரு சின்னக் கோடு தான்.

இந்த மாதிரி ஆபத்தான ஜோடி இன்னும் ரெண்டு: எஸ்பெரே (நான் காத்திருந்தேன்), கோடு இல்லாட்டி எஸ்பேரெ (காத்திருங்க). யமே (நான் கூப்பிட்டேன்), கோடு இல்லாட்டி யாமெ (கூப்பிடுங்க). மூணுமே நம்ம தொழில்ல தெனமும் வர்ற சொல்லு.

லேசான காரணம், கோடு எங்க இருக்குன்னு தெரியாதது. போன்ல அந்த எழுத்த அமுக்கிப் புடிச்சா மேல வரும், விரல எடுக்காம அதுக்கு நகத்துங்க. இதவிட நல்லது, கீபோர்ட் செட்டிங்ஸ்ல ஸ்பானிஷயும் ஒரு மொழியா சேக்கிறது, பல சொல்லுக்கு அதுவே கோடு போட்டுத் தரும். ஆனா பாகெ, பகே ரெண்டுமே சரியான சொல்லுங்கிறதால எது வேணும்னு கீபோர்டுக்குத் தெரியாது, அனுப்புறதுக்கு முந்தி கண்ணால பாத்தே ஆகணும். விண்டோஸ் கம்பியூட்டர்ல நம்பர் பேட் இருந்தா ஆல்ட்ட அமுக்கிக்கிட்டு 130 அடிச்சா ஈக்கு மேல கோடு, 161 ஐக்கு, 162 ஓவுக்கு.

கோடு போட வேண்டியது நான், அவர் ரெண்டுக்கும் மட்டும் தான். நீ, நாங்க, அவங்க எதுக்கும் கோடு கெடையாது. ஒரு ஆர்வத்துல எல்லாத்துக்கும் போட்டு வைக்காதீங்க, அதுவும் பிழை.

அறிகுறி 3: 'நான்' வடிவத்துல மட்டும் எழுத்துப் பிழைன்னு திருத்துறாங்க

முதல்ல பாருங்க, அந்தச் சொல்லோட மூலம் சி (c) எழுத்து போட்ட 'கார்', ஜி (g) எழுத்து போட்ட 'கார்', இல்லாட்டி இசட் (z) எழுத்து போட்ட 'சார்'ல முடியுதா? முடியலன்னா இந்தப் பகுதிய விட்டுட்டுப் போங்க.

நமக்கு ககரம் ஒண்ணு தான், எந்த உயிரோட சேந்தாலும் கவலை இல்ல. அவங்களுக்கு அப்படி இல்ல. ஜி எழுத்துக்குப் பின்னாடி ஈ வந்தா தொண்டைல இருந்து வர்ற 'ஹெ' சத்தம் ஆயிரும். சி எழுத்துக்குப் பின்னாடி ஈ வந்தா 'செ' ஆயிரும். பழைய சத்தத்தக் காப்பாத்த எழுத்த மாத்துறாங்க, அவ்வளவு தான்.

ஜி இருந்தா நடுவுல ஒரு யூ சேக்கணும்: யெகார், யெகே. பகார், பகே. அந்த யூவுக்கு சத்தம் கெடையாது.
சி இருந்தா கியூவும் யூவும்: எக்ஸ்ப்லிகார், எக்ஸ்ப்லிகே (விளங்கப்படுத்தினேன்). புஸ்கார், புஸ்கே (தேடினேன்). சகார், சகே (டிக்கெட், போட்டோ எடுத்தேன்).
இசட் இருந்தா அது சியா மாறும்: எம்பெசார், எம்பெசே (ஆரம்பிச்சேன்). அல்மொர்சார், அல்மொர்சே (பகல் சாப்பாடு சாப்பிட்டேன்).

நான் ஒருத்தருக்கு மட்டும் தான் இந்த மாத்தம். யெகோ, பகோ, எம்பெசோவெல்லாம் மூல எழுத்தோடயே நிக்கும். பேச்சுல மட்டும் ஸ்பானிஷ் பாவிக்கிறவங்க இந்தப் பகுதிக்காக தூக்கத்தக் கெடுத்துக்க வேணாம், பரீட்சைக்குப் போறவங்க தான் கையால எழுதிப் பழகணும்.

அறிகுறி 4: 'நாங்க'ன்னு சொன்னா நேத்தா இன்னைக்கான்னு தெரியல

'ஆர்', 'ஈர்' சொல்லுன்னா இது உங்க பிழையே இல்ல. அப்லாமொஸ், சுபீமொஸ் ரெண்டும் நிகழ்காலத்துக்கும் அதே தான், இறந்தகாலத்துக்கும் அதே தான். நேரத்தச் சொல்ற சொல்ல முன்னாடி போடுங்க, முடிஞ்சுது: அயேர் (நேத்து), அனோச்செ (நேத்து ராத்திரி), லா செமானா பசாதா (போன கெழமை), எல் ஆன்யொ பசாதொ (போன வருஷம்). "அயேர் சுபீமொஸ்"னா நேத்து ஏறினோம், சிவனொளிபாதமலைக்குப் போய்ட்டு வந்தத சொல்ல இது போதும்.

'ஏர்' சொல்லுன்னா பிழை உங்க பக்கம் இருக்கலாம். கொமேமொஸ் சாப்பிடுறோம், கொமீமொஸ் சாப்பிட்டோம். "அயேர் கொமேமொஸ்"னு சொல்றது நான் அதிகமா கேக்குற பிழைல ஒண்ணு.

அறிகுறி 5: 'நீ'க்கு கடைசில ஒரு ஸ் ஒட்டிக்குது

அப்லாஸ்தெஸ், கொமீஸ்தெஸ். நிகழ்காலத்துல நீக்கு எப்பவும் ஸ் வர்றதால வாய் தானா ஒட்டிக்கும். ஸ்பானிஷ்காரங்களே சில பேர் பேச்சுல இப்படிச் சொல்லுவாங்க, அதக் கேட்டுட்டு சரின்னு நெனைச்சுக்காதீங்க, எழுத்துல பிழை தான்.

இதோட சேந்த இன்னொண்ணு. ஸ்பெயின்ல இருந்து வர்ற இளவட்டக் கூட்டத்துக்கு 'தெய்ஸ்' வடிவம் சரி, பெரியவங்களுக்கும் மெக்சிகோ, கொலம்பியா, அர்ஜென்டினா ஆளுங்களுக்கும் 'ரொன்' வடிவம். எது பாவிக்கிறதுன்னு சந்தேகம் வந்தா ரொன் போடுங்க, மரியாதைக் கொறவா யாரும் எடுக்க மாட்டாங்க.

அறிகுறி 6: முடிவு கலந்து போகுது, அடி ஒடைஞ்சு போகுது

கொமாரொன், பிபாரொன், கொமோன்னு வந்தா 'ஆர்' வரிசைய மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு எல்லாத்துக்கும் அதையே போடுறீங்கன்னு அர்த்தம். செக் ரொம்ப சுலபம், வாயத் தொறக்கிறதுக்கு முந்தி மூலச் சொல்லோட கடைசிய நெனைச்சுப் பாருங்க. ஆர்னா ஏ, ஓ, ஆரொன். மத்தது எல்லாம் ஈ, இயோ, இயேரொன்.

அடுத்த காரணம் கொஞ்சம் படிச்சவங்களுக்குத் தான் வரும். நிகழ்காலத்துல அடிச்சொல் ஒடையிற சொல்லு சிலது இருக்கு, பெர்தேர் (இழக்கிறது) பியேர்தொ ஆகும், கொந்தார் (கதை சொல்றது) குவேந்தொ ஆகும். அந்த ஒடைசல கடந்தகாலத்துக்கும் தூக்கிட்டு வந்து பியெர்தியேரொன்னு சொல்லிருவாங்க. ஆர், ஏர் சொல்லுல அந்த ஒடைசல் கடந்தகாலத்துக்கு வராது. பெர்தியேரொன், கொந்தாரொன், நேரா அடிச்சுட்டுப் போங்க.

நம்ம கதை சொல்றவங்களுக்கு இந்த வசனங்கள் கட்டாயம் சுத்தமா வரணும், வழக்கமான சொல்ல வச்சே சொல்லிரலாம்:

என் 1867 ஜேம்ஸ் டெய்லர் ப்லந்தோ தே என் லூல்கந்துர. (1867ல ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில தேயிலை நட்டார். அன்னைக்கு 19 ஏக்கர் தான்.)
நுவெஸ்த்ரொஸ் பிசபுவெலொஸ் யெகாரொன் தெ லா இந்தியா. (எங்க பாட்டன் பூட்டன் இந்தியால இருந்து வந்தாங்க.)
கமினாரொன் தெஸ்தெ மன்னார் அஸ்தா மாத்தளை. (மன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்க.)
என் 1948 பெர்தியேரொன் லா சியுததனியா. (1948ல குடியுரிமைய இழந்தாங்க.)

தேயிலைக் கதைய வெள்ளைக்காரப் பேரோட நிப்பாட்டிராதீங்க, டெய்லர் வசனத்துக்குக் கீழ உள்ள மூணு வசனத்தையும் சேத்துச் சொல்லுங்க. நாலு வசனத்துலயும் முடிவு ஓ, ஆரொன், இயேரொன் தான். இத சரளமா சொல்ல வந்துட்டா உங்களுக்கு ரெண்டு வரிசையும் வந்துட்டுன்னே வச்சுக்கலாம்.

அறிகுறி 7: வரிசைப்படி சரியாத்தான் சொன்னீங்க, ஆனாலும் திருத்துறாங்க

அப்ப சொல்லு வழக்கமான சொல்லு இல்ல.

சின்ன வித்தியாசம் உள்ளதுல இருந்து பாருங்க. அடிச்சொல் உயிர்ல முடிஞ்சா அவருக்கும் அவங்களுக்கும் நடுவுல ய் வரும்: லெஏர் (வாசிக்கிறது) லெயோ, லெயேரொன். கொன்ஸ்த்ருயீரும் (கட்டுறது) இந்த இனம் தான், பாலம் கட்டினாங்கன்னு சொல்ல கொன்ஸ்த்ருயேரொன். 1869ல வந்த இலை நோய் கோப்பிய அழிச்சுச்சுன்னு சொல்ல தெஸ்த்ருயோ. தெமோதரைப் பாலத்தக் காட்டுற எல்லாருக்கும் கொன்ஸ்த்ருயேரொன் கட்டாயம் வேணும்.

அடுத்தது 'ஈர்' சொல்லுல அவர், அவங்க ரெண்டுக்கும் மட்டும் அடி மாறுறது. பெதீர் (கேக்குறது) பிதியோ, செர்பீர் (பரிமாறுறது) சிர்பியோ, தொர்மீர் (தூங்குறது) துர்மியோ, மொரீர் (சாகுறது) முரியோ. நடந்து வந்த வழில செத்துப் போனவங்களப் பத்தி 'மொரியேரொன்'னு சொல்றத அடிக்கடி கேக்குறேன். அது முரியேரொன். "முச்சொஸ் முரியேரொன் என் எல் கமினொ", நெறைய பேர் வழியிலயே செத்தாங்க. இந்த ஒரு வசனத்தையாவது தடுமாறாம சொல்லுங்க, அவங்களுக்காக.

கடைசில, முழுசா வேற மாதிரி போறது: ஃபுயி (போனேன், இருந்தேன்), ஈசெ (செஞ்சேன்), தூபெ (வச்சிருந்தேன்), பீனெ (வந்தேன்), தீஹெ (சொன்னேன்). இதுல அழுத்தம் கடைசில வராது, கோடும் கெடையாது. வரிசைக்குள்ள அடைக்கப் பாக்காம தனித்தனியா மனப்பாடம் பண்ணுங்க.

எந்தச் சொல்லு எந்த இனம்னு சந்தேகமா இருந்தா ஊகிக்காதீங்க. ரெயால் அகாதெமியா எஸ்பான்யோலாவோட அகராதி இன்டர்நெட்ல சும்மாவே இருக்கு, வினைச்சொல்லத் தேடினா முழு வரிசையும் அதுலயே காட்டும்.

அறிகுறி 8: நீங்க 'சுபீமொஸ்'ங்கிறீங்க, அவங்க 'ஏமொஸ் சுபீதொ'ங்கிறாங்க

பழுது ஒண்ணும் இல்ல. ஸ்பெயின்ல நெறைய எடத்துல இன்னைக்கு நடந்ததுக்கு அந்த ரெண்டு சொல்லு வடிவத்தப் பாவிப்பாங்க, நேத்தைக்கு வந்தா உங்க வடிவத்துக்கே வந்துருவாங்க. லத்தீன் அமெரிக்கால பெரும்பாலும் இன்னைக்கும் சுபீமொஸ் தான். நீங்க சொல்றது ரெண்டு பேருக்கும் விளங்கும், மாத்த வேணாம்.

அறிகுறி 9: ஒவ்வொரு வசனமும் சரி, ஆனா கதை மொத்தமா சரியில்லன்னு சொல்றாங்க

இது தான் செலவு வைக்கிற பழுது. ஸ்பானிஷ்ல முடிஞ்சதுக்கு ஒண்ணு, அப்ப வழக்கமா நடந்துட்டு இருந்ததுக்கு இன்னொண்ணுன்னு ரெண்டு கடந்தகாலம் இருக்கு. த்ரபஹாரொன்னா வேலை செஞ்சாங்க, முடிஞ்சுது. த்ரபஹாபன்னா அந்தக் காலத்துல வேலை செஞ்சுட்டு இருந்தாங்க.

நீங்களா செக் பண்ண ஒரு வழி: வசனத்துல வருஷக் கணக்கோ, எத்தனை தடவைங்கிறதோ, எப்ப முடிஞ்சுதுங்கிறதோ இருந்தா இந்தப் பக்கத்துல உள்ள வரிசை. "மி மத்ரெ த்ரபஹோ 30 ஆன்யொஸ்", அம்மா 30 வருஷம் வேலை செஞ்சாங்க. கணக்கு எதுவும் இல்லாம 'காலைல பிரட்டுக்குப் போவாங்க, கொழுந்து பறிப்பாங்க, லயத்துல இருந்தாங்க'ன்னு அன்றாட வாழ்க்கையச் சொன்னா மத்தது: த்ரபஹாப, பிபீஅன். பாதிப் பிழை இதுலயே போயிரும்.

மீதிப் பாதிக்கு டீச்சர் வேணும், இத ஆப்லயோ வீடியோலயோ பாத்துத் தீத்துக்கிட்டவங்கள நான் அதிகம் காணல, ஏன்னா உங்க கதைல எது பின்னணி எது சம்பவம்னு ஒரு ஆள் பக்கத்துல இருந்து கேட்டுத் தான் சொல்லணும். டெலே (ஸ்பானிஷ் தெரியும்னு சர்டிபிகேட் தர்ற) பரீட்சைக்குப் போறவங்களும் அதோட ரெண்டாவது படியான ஏ2 லெவலுக்கு முந்தியே ஒருத்தரப் புடிச்சிருங்க, முடிஞ்ச கடந்தகாலம் அந்த லெவல்ல தான் கேக்குறாங்க.

டீச்சர்கிட்டப் போறப்ப வெறுங்கையோட போகாதீங்க. நீங்க டூர்ல சொல்ற கதைய ரெண்டு நிமிஷம் ரெக்கோர்ட் பண்ணி, அதையே எழுத்துலயும் எழுதி, ரெண்டையும் முதல் நாளே அனுப்பி வைங்க. எழுத்துல சரியா இருந்து ரெக்கோர்டிங்ல பிழைச்சா அழுத்தத்துல வேலை இருக்கு. ரெண்டுலயும் அதே எடத்துல பிழைச்சா வரிசையே இன்னும் மனசுல நிக்கலன்னு அவரு உடனே கண்டுக்குவாரு, முதல் வகுப்பு அதக் கண்டுபுடிக்கவே செலவாகாது.